எங்கள் புத்தகக் கடைக்கு ஏன் ஆப் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஒரு ஆப் இருந்தால் ஆர்டர் போட வசதியாக இருக்குமே" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நன்றாக யோசித்தே வேண்டாம் என்று முடிவு செய்தோம், காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கூகுளின் பிளே ஸ்டோரிலும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் அச்சுப் புத்தகம் விற்றால் கமிஷன் கிடையாது. மின்னூலுக்கு உண்டு. கூகுளின் வழக்கமான விகிதம் 15 முதல் 30 சதவீதம். ஆப்புக்குள் தன் கட்டண முறையில்தான் பணம் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது (மேல்முறையீட்டில் பிற்பாடு குறைந்தது). அதன் பிறகு வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ள அனுமதித்தார்கள். ஆனால் அதற்கும் 11 முதல் 26 சதவீதம் கட்ட வேண்டும். 100 ரூபாய் மின்னூலில் எழுத்தாளரின் ராயல்டி, மெய்ப்புக் கூலி எல்லாம் போக எங்களுக்கு நிற்பது கொஞ்சம்தான்.

சரி, பணத்தையாவது சமாளித்துவிடலாம். எங்கள் பயம் வேறு. 2024 மார்ச் 1 அன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்களை கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. இந்தக் கட்டணத் தகராறுதான் காரணம். சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போயும் அவர்களுக்குத் தடை உத்தரவு கிடைத்திருக்கவில்லை. மத்திய அமைச்சர் தலையிட்டுப் பேசிய பிறகே சில நாட்களில் அவை திரும்ப வந்தன. எங்களைப் போன்ற சின்னக் கடைக்காக எந்த அமைச்சர் பேசுவார்?

இணையதளத்தில் அந்தக் கவலை இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று வலை பிறந்த இடமான, ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் அந்த வலையின் மென்பொருளை எல்லோருக்கும் பொதுவில் விட்டது. யாரிடமும் அனுமதி கேட்காமல் நாங்கள் கடை போட்டிருப்பது அதனால்தான். தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் சரியில்லை என்றால் கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடலாம்; உங்களுக்குத் தெரிந்த முகவரி மாறாது.

ஆனால் இந்த வழியையும் நெருக்கப் பார்க்கிறார்கள். போனின் முகப்புத் திரையில் சேர்த்த தளங்கள் ஆப் போலத் திறக்கும் வசதியை ஐரோப்பிய ஒன்றியத்தில் எடுத்துவிடப்போவதாக 2024 பிப்ரவரியில் ஆப்பிள் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும், அதே மார்ச் 1 அன்று பின்வாங்கியது. தேடலிலும் இதே கதை. கூகுள் சட்டவிரோதமாகத் தன் ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். புத்தகத்தின் பெயரைத் தேடினால் எங்கள் பக்கம் மேலே வருமா, கீழே போகுமா என்பது இன்றும் அவர்கள் கையில்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். தேடி வராமல் நேராக முகவரியைத் தட்டி வாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் குரோமின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் ஆப் போலவே ஒரு ஐகான் வந்து உட்காரும். பயர்பாக்ஸிலும் முடியும். புது வரவுகளை மின்னஞ்சலில் அனுப்புகிறோம், புதியவற்றைத் தானாகவே செயலியில் காட்டும் ஆர்எஸ்எஸ் ஓடையும் இருக்கிறது.

மின்னூல்களை, நகலெடுக்கத் தடுக்கும் பூட்டு எதுவும் போடாத இபப் (பொதுவான மின்னூல் வடிவம்) கோப்பாகவே தருகிறோம். வாங்கியதும் இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். போன் மாற்றும்போது தொலைந்துபோனால் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், மறுபடி அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து