அரக்குச் சேலையைப் பாதியில் விட்டுப்போன அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. புரட்டாசிக் கடைசி ஞாயிறு, தீபாவளிக் கூட்டம். மதுரையில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் முதல் மாடிக்கு, மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு எடுக்க வந்திருந்தீர்கள். அரக்கில் பச்சை பார்டர் போட்ட சேலை ஒன்றை மெத்தையில் விரித்து, முந்தியை அவள் தோளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அப்போதுதான் என் இடது கண் மூடியது. வாயோரமும் அதே பக்கம் இழுத்தது. நாலைந்து தடவை தொடர்ந்து. "பொம்பளைப் பிள்ளையக் கூட்டிட்டு வந்தா கண்ணடிக்கிறியா?" என்று எழுந்தீர்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. பதறினால் அது இன்னும் வேகமாக இழுக்கும். மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தபோதும் உங்களைப் பார்த்துக் கண்ணடித்தபடிதான் நின்றிருப்பேன்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. என் மகளிடம் ஒருவன் அப்படிச் செய்தால் நானும் கேட்டிருப்பேன். அன்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கே தெரியாது. இப்போது தெரியும்.

முதலில் கீழிமை மட்டும்தான் துடித்தது. ஆணுக்கு இடக்கண் துடித்தால் ஆகாது என்று என் அம்மா அழகர்கோயில் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டார். கண் டாக்டர் ஒருவர் சொட்டு மருந்து கொடுத்தார். முகவாதம் என்று யாரோ சொல்ல, மூன்று மாதம் எண்ணெய் தேய்த்தேன். முகவாதம் வந்தால் முகம் தொங்கும், எனக்கோ இழுத்தது. அந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு வருடத்தில் துடிப்பு கன்னத்துக்கு இறங்கி வாய்க்கு வந்தது. தூக்கத்திலும் இழுக்கிறது என்று வீட்டில் சொன்னாள்.

நீங்கள் போன மறுநாள் என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். பத்தொன்பது வருடம் சேலை விரித்த கை, பண்டல் பிரித்து விலைச்சீட்டு ஒட்டியது. அங்கே லோடு இறக்கும் அண்ணன் ஒருவர்தான், "இது நரம்பு சம்பந்தப்பட்டது, பெரியாஸ்பத்திரில காட்டுப்பா" என்றார்.

அங்கே போனேன். நரம்பு டாக்டர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியை என் கையில் கொடுத்து, "இழுக்கும்போது புருவத்தைப் பாருங்க" என்றார். கண் மூடியது. இடது புருவம் மேலே ஏறியது. நாம் வேண்டுமென்று கண்ணை இறுக்கினால் புருவம் கீழேதான் இறங்கும். ஒரே பக்கம் கண்ணை மூடிக்கொண்டே புருவத்தை ஏற்ற, முயன்று பாருங்கள், வராது. பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1905-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறாராம். நான் கண்ணடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி என் முகத்திலேயே இருந்திருக்கிறது அம்மா. அந்த அறையிலேயே அழுதுவிட்டேன்.

இதன் பெயர் ஹெமிஃபேஷியல் ஸ்பாசம். மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு புறப்படும் இடத்தில், பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் வளைந்து வந்து அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அது நரம்பை இடிக்கிறது. உறை தேய்ந்த மின்கம்பி போல, ஒரு இழையில் போக வேண்டியது பக்கத்து இழைக்குத் தாவுகிறது. அதனால்தான் கண்ணும் வாயும் சேர்ந்து இழுக்கின்றன. எம்ஆர்ஐ எடுத்தபோது என் குழாயும் அப்படித்தான் இருந்தது.

மாத்திரை எனக்குத் தூக்கத்தைத்தான் கொடுத்தது. பிறகு போடாக்ஸ் ஊசி, இழுக்கும் தசையைத் தளர்த்தும் மருந்து. முகச் சுருக்கத்துக்குப் போடுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 1989-இல் முதலில் அனுமதி கிடைத்ததே மாறுகண்ணுக்கும், இமை இழுப்புக்கும், எங்களைப் போன்ற முக நரம்புக்காரர்களுக்கும்தான். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் மெல்லிய ஊசியால் சொட்டுச் சொட்டாகப் போட்டார்கள். நாலாம் நாள் துடிப்பு அடங்கியது. அன்று கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். இரண்டு வாரம் வாயோரம் தளர்ந்து தண்ணீர் ஒழுகியது, பிறகு சரியானது. மூன்று மாதத்தில் மருந்து இறங்கிவிடும், மறுபடி போட வேண்டும். செலவு என் சம்பளத்துக்குப் பெரிது. ஆவணி முடிவில் ஒன்று, தை முகூர்த்தத்துக்கு முன் ஒன்று என்று சீட்டுப் போட்டுச் சமாளிக்கிறேன்.

ஆபரேஷனும் இருக்கிறது. காதுக்குப் பின்னால் சிறு துளை போட்டு, நரம்புக்கும் குழாய்க்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைப்பது. பத்தில் எட்டு ஒன்பது பேருக்குச் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆனால் சிலருக்கு அந்தப் பக்கக் காது கேட்காமல் போகலாம். வீட்டில் பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். தை முடியட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

இப்போது மறுபடி மெத்தைக்கு வந்துவிட்டேன். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில், "நரம்புக் கோளாறும்மா, கண்ணு தானா மூடும், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சேலையை எடுக்கிறேன். பெரும்பாலானவர்கள், "எந்த டாக்டர்ட்ட காட்டுறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு இந்நேரம் கல்யாணம் முடிந்திருக்கும். இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அன்று தோளில் கிடந்த முந்தியை எடுத்துக் கீழே வைக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு,
முதல் மாடி, மூன்றாவது மெத்தைக்காரர்