ஸ்வாப் பகுதிக்கும் இரட்டைப் பிரதி தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வரின் இரண்டு டிஸ்குகளை, ஒரே தகவலை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் இணைத்தாலும், ராம் நினைவகத்தில் இடம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் ஸ்வாப் பகுதியை மட்டும் அதில் சேர்க்காமல் ஒவ்வொரு டிஸ்கிலும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் படித்தேன். யாங்கூனில் பருப்பு ஏற்றுமதி செய்யும் கடை ஒன்றின் கணக்குச் சர்வரைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரும் என்னால் அந்த யோசனையை ஏற்க முடியவில்லை.

ஸ்வாப்பில் இருப்பது தற்காலிகத் தகவல்தானே, போனால் போகட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் ராமில் இடம் போதாமல் ஒதுக்கி வைத்த பக்கங்களே, அதாவது நினைவகத் துண்டுகளே, அங்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திரும்பப் படிக்க முடியாமல் போனால், அதற்குரிய நிரலை லினக்ஸ் இயங்குதளம் நிறுத்திவிடும். இரு டிஸ்குகளின் ஸ்வாப்புக்கும் ஒரே முன்னுரிமை எண்ணைக் கொடுத்தால் பக்கங்கள் இரண்டிலும் மாறி மாறி எழுதப்படுவதால் வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் எந்த டிஸ்க் போனாலும் ஏறக்குறையப் பாதிப் பக்கங்கள் அதனுடன் போய்விடும்.

நானும் முன்பு அப்படித்தான் வைத்திருந்தேன். உளுந்து ஏற்றுமதிக்கான பட்டியல்கள் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு மாறிய சற்று நேரத்தில், டிஸ்க் ஒன்று செயலிழந்தது. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில், இயங்கும் டிஸ்குக்கு ஒன்றாக இரண்டு 'யு' எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மறைந்து அடிக்கோடு நின்றது. கணக்குகள் மற்ற டிஸ்கில் பத்திரமாக இருந்தும், தரவுத்தள நிரல் நின்றுபோனதால் எழுத்தர்கள் பட்டியல்களைக் கையால் எழுத உட்கார்ந்தார்கள். டிஸ்க் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்றுதான் இரண்டாவது டிஸ்க் வாங்கியிருந்தோம். முதலாளியிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஸ்வாப்பையும் ரெய்டு 1-இன் மேல்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கமும் இருமுறை எழுதப்படுவதால் சற்று மெதுவாகும் என்பார்கள். அந்த மெதுவை உணரும் அளவுக்கு ஒரு சர்வர் ஓயாமல் ஸ்வாப்பை நாடினால், அதற்கு ராம் போதவில்லை என்றே பொருள். ஸ்வாப் ராமைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும் என்பது ராம் சில மெகாபைட்டுகளாக இருந்த காலத்துக் கணக்கு. எங்கள் 16 ஜிபி சர்வருக்கு 4 ஜிபி ஸ்வாப் தாராளமாகப் போதும். இரு டிஸ்குகளின் பிரதிகளையும் ஒப்பிட்டு அவ்வப்போது நடத்தும் சரிபார்ப்பில் ஸ்வாப் இருக்கும் ரெய்டில் மட்டும் சில முரண்பாடுகள் தென்படலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கம் மாறிவிடுவதாலும் அது நேரும் என்பதால், அதைக் கண்டவுடன் டிஸ்கைக் கழற்ற வேண்டியதில்லை.

சர்வரைப் பயன்பாட்டுக்குக் கொடுக்கும் முன்பே, ஸ்வாப் நிரம்பும் அளவுக்கு வேலை கொடுத்துவிட்டு ஒரு டிஸ்கின் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது நல்லது. நிரல்கள் தொடர்ந்து ஓடுகின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். தங்கள் பகுதியைப் படித்துச் சர்வர் அமைக்கும் இளைஞர்கள் இங்கு இருப்பதால், இந்தத் திருத்தத்தை விரைவில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
யாங்கூன்