மழையில் நனைந்த கயிற்றுச் செருப்பு

ஈத்தாமொழி
அக்டோபர் 20

மக்கா,

நேற்று போனில் அப்படிப் பொரிந்து தள்ளினாய். பிரான்சில் மொலெயோன் ஊரில் வாங்கின கயிற்றுச் செருப்பு ஒரே மழையில் அடி உப்பி, தையல் விட்டு, வாயைப் பிளந்துவிட்டதாம். “காசு தண்டம்மா, ஏமாத்திட்டான்” என்றாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை. இப்போது சொல்லுகிறேன்: தப்பு செருப்பின் மேல் இல்லை, உன் மேல்.

அது சணல், மக்கா. உன் பாட்டி திரித்தது தென்னங்கயிறு. தேங்காயின் மேல்மட்டையான கதம்பையை மணக்குடிக் காயலில் மாதக்கணக்கில் புதைத்துப் போட்டு, அழுகினதும் எடுத்து, கட்டையால் அடித்து, நாரைப் பிரித்து ராட்டில் முறுக்குவாள். அந்தக் கயிறு உப்புத்தண்ணீரில் கிடந்தாலும் லேசில் இற்றுப்போகாது. சணலும் தண்ணீரில் ஊறித்தான் நாராகிறது. ஆனால் நாரான பிறகு தண்ணீரைக் குடித்து உப்பும், காயாவிட்டால் மக்கும். அதற்காகக் கதம்பைக் கயிற்றில் செருப்பு செய்ய முடியுமா? பாதத்தை அறுத்துவிடும். பாட்டியின் உள்ளங்கையை நீ தொட்டுப் பார்த்திருக்கிறாய், மறந்திருக்க மாட்டாய்.

அந்தக் கடையில் நீயும் மாப்பிள்ளையும் நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் சணலைச் சடையாகப் பின்னுகிறார்கள். அந்தச் சடையை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி, கைமுறுக்கு சுற்றுவதுபோல, பாத நீளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அப்புறம் பக்கவாட்டில் ஒரு ஓரத்தில் குத்தின ஊசி எல்லாச் சுற்றையும் துளைத்துக்கொண்டு மறு ஓரத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் நாலு அடி நடப்பதற்குள் முறுக்கு அவிழ்ந்துவிடும். மேலே கான்வாஸ் துணியை வைத்துத் தைத்தால் தீர்ந்தது. அடியில் ஒட்டியிருக்கிற ரப்பர் பிறகு வந்த சமாச்சாரம். பழைய முறையில் இடது வலது என்றே கிடையாது, இரண்டும் ஒரே அச்சு. எந்தக் காலில் போட்டுப் பழகுகிறோமோ அந்தக் காலின் வடிவத்துக்கு அது வந்துவிடும். அதனால்தான் கடைக்காரப் பெண் இறுக்கமானதையே வாங்கச் சொன்னாள். நீ கேட்காமல் ஒரு அளவு கூட்டி வாங்கினாய்.

ஊருக்கு வந்தபிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். முப்பது வருஷம் சரித்திர டீச்சராக இருந்தவளுக்கு வேறென்ன வேலை? ஸ்பெயினில் கிரனாடா பக்கம் அல்புன்யோல் என்ற ஊரில் வௌவால் குகை ஒன்று இருக்கிறது. 1857-இல் சுரங்கம் தோண்டப் போனவர்கள் அதற்குள் காய்ந்துபோன உடல்களையும் புல்லில் பின்னின கூடைகளையும் செருப்புகளையும் கண்டார்கள். அந்தச் செருப்புகளுக்கு 6,000 வருஷத்துக்கு மேல் வயது என்று 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது. சிலது தேய்ந்திருக்கிறது. சிலது போடவே போடாதது மாதிரி இருக்கிறதாம், செத்தவர்களுக்கென்றே பின்னிப் போட்டிருக்கலாம். இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். அந்தப் புல்லின் பெயர் எஸ்பார்த்தோ. இந்தக் கயிற்றுச் செருப்புக்கு எஸ்பாட்ரில் என்ற பிரெஞ்சுப் பெயரும், பார்சிலோனா பக்கத்துக் கத்தலான் மொழியில் சொல்கிற எஸ்பர்தெஞாவும் அதிலிருந்து வந்தவைதான். புல்லுக்குப் பிறகு சணப்பை நார் மாதிரி ஒன்று, அப்புறம் நம் வங்காளத்துச் சணல். இன்றைக்கும் மொலெயோனுக்குப் பங்களாதேஷிலிருந்து சணல் போகிறது.

நாம் மொலெயோன் போன அன்றைக்கு ஆகஸ்ட் 15, அவர்களுக்கு எஸ்பாட்ரில் திருவிழா. ஆட்டம் பாட்டம் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். அந்த ஊர்ப் பட்டறைகளில் ஒரு காலத்தில் யார் உட்கார்ந்து தைத்தார்கள் தெரியுமா? நிறையப் பேர் அந்த ஊர்க்காரர்களே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினில், நவார்ராவின் ரொன்கால், அரகோனின் அன்சோ மாதிரிப் பள்ளத்தாக்குகளில் இருந்த பெண்பிள்ளைகள். இலையுதிர் காலம் வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு கூட்டமாக, கறுப்பு உடுப்புடன் பிரனீஸ் மலையை நடந்தே தாண்டி வருவார்கள். குளிர்காலம் முழுக்கத் தைப்பார்கள். வசந்தத்தில், பனி உருகினதும், கல்யாணத்துக்கு வேண்டிய துணிமணி வாங்கச் சேர்த்த காசோடு திரும்பிப் போவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல பத்தாண்டுகள் இப்படி நடந்திருக்கிறது. வடக்குப் பிரான்சின் நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்களும் தென் அமெரிக்காக்காரர்களும் வாங்க வாங்க, பிள்ளைகளும் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவர்களை அந்த ஊரில் தகைவிலான் குருவிகள் என்று கூப்பிட்டார்களாம். எனக்கு ஒன்று தோன்றியது. குருவி குளிருக்குப் பயந்து தெற்கே பறக்கும் நேரத்தில் இந்தப் பிள்ளைகள் வடக்கே நடந்திருக்கிறார்கள். குருவிக்கு வெயில் வேண்டும், இவர்களுக்குக் கூலி. பேர் வைத்தவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

மற்றதெல்லாம் பெரிய ஆட்கள் கதை. ஓவியர் டாலி இதைப் போட்டுக்கொண்டு போஸ் கொடுப்பார். கத்தலோனியா மாநிலப் போலீஸ்காரர்களின் விழாச் சீருடையில் இன்றைக்கும் இந்தச் செருப்புத்தான். 1970-களில் பாரிசின் உடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் கேட்டார் என்று, ஸ்பெயினில் இந்தச் செருப்பு செய்கிற கஸ்தான்யேர் குடும்பம் இதற்கு உயரமான குதிகால் வைத்துக் கொடுத்தது, பணக்காரப் பெண்களும் போட ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தக் குதிகால் பிடிக்கவில்லை. தரையோடு தரையாக நடக்கச் செய்த ஒன்றை எதற்குத் தூக்கி நிறுத்த வேண்டும்? நீ குளியலறைக்குப் போடுகிற ஹவாயானாஸ் ரப்பர் செருப்புக்கும் இதோடு பெயரளவில் ஒரு உறவு உண்டு, அதைச் செய்கிற பிரேசில் கம்பெனியின் பெயரே அல்பார்காத்தாஸ். ஸ்பானிய மொழியில் இந்தக் கயிற்றுச் செருப்புக்கு அதுதான் பெயர்.

பாட்டியும் இரண்டு வருஷம் ராட்டு சுற்றிச் சேர்த்த காசில்தான் கம்மல் வாங்கினாள். உன் காதில் கிடக்கிறதே, அதுதான். அவள் வேலைக்கு மணக்குடிக்கு மேல் போனதில்லை.

சரி, செருப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஹீட்டர் மேல் வைத்தாயானால் கட்டையாகிவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, அடி மேலே பார்க்கிற மாதிரி காற்றோட்டமான நிழலில் வை. இரண்டு மூன்று நாள் ஆகும். விட்ட தையலைச் சாக்கு ஊசியும் மெழுகு தேய்த்த நூலும் இருந்தால் நீயே போட்டுவிடலாம், நான் வீடியோ காலில் காட்டித்தருகிறேன். இனி மழை மூட்டம் கண்டால் வேறு செருப்பு போடு. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நடக்கிற பழக்கத்தையும் விடு, அப்பாவும் அப்படித்தான், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வயக்கரைக் கம்பியில் தகைவிலான்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. நீங்கள் மே மாதம் வருகிற டிக்கெட் என்னவாயிற்று? போன வருஷமும் மே என்றுதான் சொன்னாய். வந்தால் எனக்கும் ஒரு ஜோடி கொண்டுவா, கறுப்பு, 37. அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது விலையைப் பார்த்து. இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை, போட்டுப் பழக்கிக்கொள்கிறேன்.

அம்மா