ஒரு பட்டுச்சேலையும் 900 வெள்ளியும்: சலவைக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் சலவைக்கடையும் டிரை கிளீனிங் கடையும் நடத்தும் முதலாளிமார் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலில் என் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு கடையில் பதினான்கு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். உடுப்பு வாங்குவது, சீட்டு எழுதுவது, டேக் குத்துவது, கறை பார்ப்பது, இஸ்திரி போட்டு மாட்டுவது என்று எல்லா வேலையும் செய்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் வந்து போகிறவள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பாலத்தில் வரிசையில் நின்று, உட்லண்ட்ஸில் இறங்கி, மறுபடி பஸ் பிடித்து, கடைக் கதவு திறக்கும் நேரத்துக்கு வந்து நிற்பாள். சம்பளம் மாதம் 1,900 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் பட்டு என்றால் அவளுக்கு உயிர். கரையைப் பார்த்தே எந்த ஊர் நெசவு என்று சொல்லிவிடுவாள். மற்றவர்கள் சேலையை மடிப்பார்கள். அவள் மட்டும் பழைய மடிப்பு விழுந்த இடத்தை விட்டு மாற்றி மடிப்பாள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அங்கேயே இற்றுப்போகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்குத் தெரியும்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வாடிக்கையாளர் ஒரு பட்டுச்சேலையும் அதற்குத் தைத்த ரவிக்கையும் கொண்டுவந்தார். ரவிக்கையில் ஆரி வேலைப்பாடு, முத்து, ஒட்டுக்கல். இரண்டிலுமே சலவைக் குறியீட்டு லேபிள் கிடையாது. நம்முடைய சேலைகளில் அது எப்போது இருந்தது? வட்டத்துக்குள் பி என்று போட்டிருந்தால் பெர்க் என்ற டிரை கிளீனிங் வேதித் திரவத்தில் போடலாம், எஃப் என்றால் ஹைட்ரோகார்பன் என்ற இன்னொரு திரவத்தில் மட்டும், வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் டிரை கிளீனிங்கே கூடாது என்று கோட்டு சூட்டுக்கெல்லாம் பார்த்துவிடலாம். சேலைக்குக் கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டும். அவள் பார்த்தாள். வாடிக்கையாளரிடம், “கல்லெல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்காங்க, விழுந்துடலாம்” என்று சொன்னாள். சீட்டில் “ஒட்டுக்கல், தனியாகப் பார்க்கவும்” என்று எழுதினாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணால் பார்த்தது.

அன்று இரவே உடுப்புப் பை, துணி சலவை செய்யும் ஆலைக்குப் போனது. அங்கே அந்த வாரம் ஆள் பற்றாக்குறை. சீட்டை யாரும் படிக்கவில்லை. சேலையும் ரவிக்கையும் ஒரே சுற்றில் உள்ளே போயின. பெர்க் திரவத்தில் பசை கரையும். சில வகை பிளாஸ்டிக் முத்துகள் அதில் இளகிவிடும். அப்புறம் காய வைக்கும் சூட்டில் பக்கத்தில் என்ன துணி இருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். சேலை திரும்பி வந்தபோது முந்தானை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. அதைப் பிரித்த அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாடிக்கையாளருக்குக் கோபம் வந்தது. அது நியாயம். முதலாளி 900 வெள்ளி கொடுத்துச் சமாதானப்படுத்தினார். அதுவும் நியாயம். அதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்த மடல். அந்தப் பெண்ணின் அக்டோபர் சம்பளத்தில் 300 வெள்ளி குறைந்தது. நவம்பரில் 300. டிசம்பரில் 300. சம்பளச் சீட்டில் “இதர பிடித்தம்” என்று ஒரு வரி, அவ்வளவுதான். என்ன நடந்தது என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. “மாசம் முந்நூறுதானே, மெதுவா கட்டு” என்று சூப்பர்வைசர் சொன்னார். 300 வெள்ளி என்பது ஆயிரம் ரிங்கிட்டை நெருங்கும் தொகை. அவள் வீட்டில் அந்தப் பணத்துக்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத அவள் ஒப்பவில்லை.

பணத்தை விடுங்கள். அந்த நாளிலிருந்து அவள் பட்டைத் தொடுவதில்லை. யாராவது பட்டுச்சேலைப் பையோடு உள்ளே வந்தால், “அக்கா, நீங்க வாங்கிக்குங்க” என்று பின்பக்கம் போய்விடுகிறாள். போன வாரம் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு பாட்டி கல்யாணச் சேலை கொண்டுவந்திருக்கிறார். நான் வரும்வரை இருபது நிமிடம் அந்தப் பாட்டியை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சேலை மீது கை படாமல் நின்றுகொண்டிருக்கிறாள். எனக்கு மனசு ஆறவில்லை. இந்தத் தொழிலில் தானாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளை கிடைப்பது அபூர்வம். அந்த ஒரு பிள்ளையின் கையை நடுங்க வைத்துவிட்டோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நீங்கள் அறியாதது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களில் பலருக்கு இது தெரியாது. ஊழியரை நம்பி ஒப்படைத்த பொருள் சேதமானால் அதற்காகச் சம்பளத்தில் பிடிக்க வேலை நியமனச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சேதம் அந்த ஊழியரின் தவறால் நடந்திருக்க வேண்டும். பிடிக்கும் முன் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். பிடிக்கும் தொகை ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதையும் ஒரே தடவையில்தான் பிடிக்க வேண்டும். 1,900 வெள்ளியில் கால் பங்கு 475. தவறு அவளுடையது என்று நிரூபித்திருந்தாலும் அதற்கு மேல் ஒரு காசு எடுக்க முடியாது. மூன்று மாதம் மூன்று தவணையாகப் பிரித்தால் சின்னத் தொகை போலத் தெரியும், ஆனால் கூட்டினால் 900. உள்ளூர்க்காரர், வேலை அனுமதியில் வந்தவர் என்ற பேதமும் இந்த விதியில் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் சம்பளத்தில் கை வைக்கும் முன் எங்களைக் கேளுங்கள். உட்கார வைத்து, சீட்டைக் காட்டி, “இது எப்படி நடந்தது?” என்று கேளுங்கள்.

கேட்டால் எவ்வளவோ தெரியவரும். வெள்ளைச் சட்டையில் இளநீரோ சோடாவோ சிந்தியிருக்கும். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. சலவைத் திரவத்தில் சர்க்கரை கரையாது, துணியிலேயே தங்கிவிடும். இஸ்திரிச் சூடு பட்டவுடன் பழுப்பாக மேலே வரும். வாடிக்கையாளர், “நான் கொடுக்கும்போது இது இல்லையே” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, நாங்களும் தவறு செய்யவில்லை. பட்டு ரவிக்கையின் அக்குள் பக்கம் வியர்வையிலும் வாசனைத் திரவியத்திலும் வருடக்கணக்கில் வலுவிழந்திருக்கும். எங்கள் கையில் வரும் நாளில் கிழியும். பழைய வேட்டியின் சரிகை பெட்டிக்குள்ளேயே கறுத்திருக்கும். வெளிச்சத்தில் விரித்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே அது தெரியும். இவை எல்லாம் துணியின் வயசும் அதற்கு நடந்ததும் சேர்ந்து வருகிற விஷயம். இஸ்திரி மேசையில் கடைசியாக நிற்கிறவர் மீது எல்லாவற்றையும் எழுதினால் எப்படி?

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. எங்கள் கடை ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு விதி இருக்கிறது. உடுப்பு சேதமானால் கடை கொடுக்கும் இழப்பீடு சலவைக் கட்டணத்தின் இத்தனை மடங்குதான், அதற்கு மேல் பொறுப்பில்லை என்று. கடைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று நினைத்தவர்கள், அந்தச் சேலைக்கு அந்த வரம்பையும் தாண்டி 900 கொடுத்தார்கள். பழைய வாடிக்கையாளரை இழக்கக் கூடாது என்று. அது கடை எடுத்த முடிவு, கடையின் நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்துக்கான காசை 1,900 வெள்ளி சம்பளக்காரியிடம் வாங்கலாமா?

அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று சிலர் கேட்பீர்கள். அவளுடைய வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அதை ரத்து செய்ய அவருக்கு ஒரு நாள் போதும். நான் குடியுரிமை உள்ளவள், ஈசூனில் எனக்கு வீடு இருக்கிறது, பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

எழுத ஆரம்பித்ததும் மற்றதும் சேர்ந்து வருகிறது. கடையின் முன்பக்கம் குளிர்சாதனம், பின்பக்கம் நீராவி. என் இடது மணிக்கட்டில் ஆவி சுட்ட தழும்பு மூன்று இருக்கிறது. பத்து மணி நேரம் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு கூலி என்று விதி இருக்கிறது, தீபாவளி வாரத்தில் அதை யாரும் எண்ணுவதில்லை. இப்போது கடையில் நின்றாலும், ஆரம்பத்தில் ஆலையில் நான் சுவாசித்த அந்த இனிப்பு வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. பெர்க் திரவம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. டிரை கிளீனிங்கில் அதைப் பத்து வருடத்துக்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கா 2024 டிசம்பரில் விதி போட்டது. நம் ஊரில் டோபி காட், அதாவது வண்ணார் துறை, என்று ஒரு நிலையம் இருக்கிறது; அங்கே மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே ஓடிய ஓடையில் நம் ஊர்களிலிருந்து வந்தவர்கள் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் காயப்போட்டார்கள். அந்தத் தொழிலின் பேரை இந்த ஊர் அவ்வளவு பெரிய நிலையத்துக்கு வைத்திருக்கிறது. அதே தொழிலைச் செய்கிற எங்களிடம் ஒரு கேள்வி கேட்க நேரமில்லையா?

மன்னிக்கவும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நீராவியையும் கால்வலியையும் இன்னொரு நாள் பேசலாம். இன்று கேட்பது அந்த ஒன்றுதான்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். வாடகை ஏறுகிறது, ஆள் கிடைப்பதில்லை. ஒரு சேலை கெட்டால் பத்து வாடிக்கையாளர் போய்விடுவார்கள். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. கடை நின்றால் நாங்களும் நிற்போம். அதனால்தான் சண்டையாக இல்லாமல் வேண்டுகோளாகக் கேட்கிறேன். லேபிள் இல்லாத சேலையை வாங்கும்போது வாடிக்கையாளர் முன்னிலையில் விரித்துப் பார்த்து, குறையை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க எங்களுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பின்னால் வரிசை நீளுகிறது என்று விரட்டாதீர்கள். சீட்டில் நாங்கள் எழுதுவதை ஆலையில் படிக்கச் சொல்லுங்கள். ஆபத்தான உடுப்பு என்றால் “வேண்டாம்” என்று திருப்பிக் கொடுக்க எங்களுக்கு உரிமை கொடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சேதம் வந்தால், சம்பளத்தில் கை வைக்கும் முன் தயவுசெய்து எங்களைக் கேளுங்கள்.

என் முதலாளியும் இதைப் படிப்பார். ஐயா, எழுதியது யாரென்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். பதினான்கு வருடத்தில் உங்களிடம் நான் கூடுதலாக எதுவும் கேட்டதில்லை. ஜனவரிச் சம்பளம் பிப்ரவரி 7-க்குள் வரும். அந்தப் பெண்ணிடம் பிடித்த 900 வெள்ளியை அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைக் கேளுங்கள். அதன் நகலை அவள் தன் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். “ஒட்டுக்கல், தனியாகப் பார்க்கவும்” என்று அவள் கையெழுத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கடையொன்றில் நிற்கும் உதவியாளர்