அடித்தளப் படிப்பு வீணா?

ஆசிரியருக்கு,

ஆடை, நெசவு, மேடை வடிவமைப்பு மூன்றையும் தொட்டுக் காட்டும் ஓராண்டு அடித்தளப் படிப்பை 'ஒரு வருஷம் வீண்' என்று சொல்பவர்கள் அதிகம். நேராகப் பட்டப்படிப்பில் சேர்ந்தால் போதாதா என்கிறார்கள். போதாது. நன்றாக வரைகிற பிள்ளைக்குத் துணியின் குணம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே காடாத் துணியை இழை நேராக வெட்டினால் விறைப்பாக நிற்கும். 45 டிகிரி சாய்த்து வெட்டினால் உடம்போடு இழைந்து விழும். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தால்தான் இது புரியும். மேடை உடையோ தனி உலகம். சிவப்புத் துணி பச்சை விளக்கடியில் கறுத்துப்போகும். நடிகர் கையைத் தூக்கும்போது அக்குள் தையல் விட்டுவிடவும் கூடாது!

இது புது யோசனையும் அல்ல. 1919இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில், பொதுவான அறிமுகப் பயிற்சியை முடித்த பிறகே நெசவு போன்ற பட்டறைகளுக்குள் போக முடிந்தது.

ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பிச் சேராதீர்கள். தறியும் தையல் இயந்திரமும் மாணவர் கைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். எல்லாமே கணினித் திரையில் முடிந்துவிடும் என்றால், வீண் என்பவர்கள் சொல்வது சரிதான்.

இப்படிக்கு,
ஒரு தையற்கலை ஆசிரியை