ரூத் பிரவுன் எங்கும் போய்விடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ரிதம் அண்ட் புளூஸ் இசையின் வரலாறு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இவ்விசை பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால், எழுதியவருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும் பாடகி ரூத் பிரவுன் பற்றிய பத்தியில் ஒரு வாக்கியம் உறுத்துகிறது. 1961இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு வெளியேறிய அவர் இசையிலிருந்து ஒதுங்கிவிட்டார் என்றும், எழுபதுகளின் நடுவில் திரும்பி வந்தார் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நெடிய கலைவாழ்வு ஒன்றின் நடுப்பகுதி இப்படி ஒரே வரியில் காணாமல் போவதை ஏற்க இயலவில்லை.

அவருடைய தொடக்க ஆண்டுகளைக் கட்டுரை நன்றாகவே சொல்கிறது. 1928இல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத் நகரில், துறைமுகத் தொழிலாளியும் தேவாலயப் பாடகர் குழுவின் தலைவருமான ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர், பதினேழாவது வயதில் ஒரு டிரம்பெட் கலைஞருடன் வீட்டை விட்டுப் போனதெல்லாம் அதில் வந்துவிட்டது. விடுபட்டது ஒரு சிறு செய்தி. வாஷிங்டன் இரவு விடுதி ஒன்றில் அவர் பாடக் கேட்டு, புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த அட்லாண்டிக் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னவர் வில்லிஸ் கானோவர். பின்னாளில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் ஜாஸ் நிகழ்ச்சியை நடத்தியவர் இவரே. இரவு நேரத்தில் சிற்றலை வானொலியின் திருகைத் திருகிக்கொண்டிருந்த என் வயதொத்த வாசகர்கள் சிலருக்கு, நிறுத்தி நிதானமாகப் பேசும் அந்தக் கனத்த குரல் இன்னமும் நினைவிருக்கும்.

1948இல் நியூயார்க் போகும் வழியில் பென்சில்வேனியாவின் செஸ்டர் என்னும் ஊருக்கருகே நேர்ந்த கார் விபத்தில் ரூத்தின் கால்கள் நொறுங்கின. பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய இருபத்தோராவது பிறந்தநாளன்று, நிறுவனத்தை நடத்திய அகமத் எர்டெகன் நேரில் வந்து, இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பாடக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றையும், சுருதி பார்க்கும் சிறு ஊதுகுழலையும், கிறுக்கிப் பார்க்க ஒரு பெரிய தாளேட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதே நிறுவனம் பிற்பாடு அவருக்குக் காட்டிய கணக்கை எண்ணிப் பார்க்கும்போது அந்தப் பிடித்தம் கொஞ்சம் கசக்கிறது.

அவர் குரலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. 1953இல் வெளிவந்த ‘மாமா, ஹி ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்’ பாடலைக் கேட்டால் நான் சொல்ல வருவது விளங்கும். (நம் காதில் தாய்மாமனிடம் முறையிடுவது போல விழும், அங்கே ‘மாமா’ என்பது அம்மா.) கஞ்சிரா போன்ற டாம்பரின் ஒன்று விடாமல் குலுங்கிக்கொண்டிருக்க, அடித்தொண்டையிலிருந்து திடமாகக் கிளம்பும் குரல், சொல் முடியும் இடத்தில் சட்டென மேலேறி ஒரு கணம் கீச்சென்று உடைந்து, உடனே ஒன்றும் நடவாதது போலத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பாட்டு வாத்தியார் யாரும் பிழை என்று திருத்தியிருக்கக்கூடிய அந்த உடைசலைக் கேட்பதற்காகவே மக்கள் தட்டு வாங்கினார்கள். 1950இல் வந்த ‘டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்’ ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் பதினொரு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதையும் சேர்த்து முதலிடம் பிடித்த தட்டுகள் ஐந்து. அந்நாளில் தென்மாநிலங்களின் புகையிலைக் கிடங்குகளில் அவர் பாடியபோது, கூட்டத்தின் நடுவே கயிறு கட்டிக் கறுப்பர்களை ஒரு புறமும் வெள்ளையர்களை மறுபுறமும் நிறுத்தினார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அட்லாண்டிக்கை ‘ரூத் கட்டிய வீடு’ என்று அழைத்ததாகக் கட்டுரையாளர் பெருமையுடன் குறிப்பிடுகிறார். பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் புகழால் நியூயார்க் யாங்கி மைதானத்துக்கு வந்த பெயரை வைத்து உண்டான சிலேடை அது. கட்டியவருக்கு அந்த வீட்டில் என்ன பங்கு கிடைத்தது என்பதைத்தான் கட்டுரை கேட்கவில்லை. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் காலம் கழித்தவன் என்பதால் என் புத்தி அங்கேதான் போகிறது. அந்நாளைய ஒப்பந்தங்களில் பாடகர்களுக்கு ராயல்டி உண்டு என்று எழுதியிருந்தாலும் அதன் விகிதம் மிகக் குறைவு. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை, வாத்தியக்காரர்களின் கூலி, இசைக்கோப்பாளரின் சம்பளம் எனத் தட்டுக்கு ஆன செலவெல்லாம் பாடகரின் பற்றில் எழுதப்பட்டு, அந்தச் சொற்ப ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். தட்டை விற்ற நிறுவனத்துக்கு வரவு, பாடியவருக்குப் பற்று. வருடங்கள் கடந்து பழைய பாட்டுகள் மறுபதிப்பாகக் கடைக்கு வந்தபோதும் பேரேட்டில் பாடகர் கடனாளியாகவே நின்றார்.

ஆகவே அறுபதுகளில் ரூத் பிரவுன் லாங் ஐலண்டில் பிறர் வீடுகளில் வேலை செய்ததும், பள்ளிப் பேருந்து ஓட்டியதும், தம் இரு மகன்களை வளர்த்ததும் இசையிலிருந்து அவர் விலகியதால் அல்ல. பாட்டு சோறு போடாததால். அப்போதும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 1962இல் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகப் பாடினார். 1968இல் தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ் இருவரும் நடத்திய பெரிய ஜாஸ் வாத்தியக் குழுவுடன் ஒரு முழு இசைத்தட்டே வெளிவந்தது. நியூயார்க்கின் தேர்ந்த வாத்தியக்காரர்கள் திரண்டிருந்த குழு அது. இசையைக் கைவிட்டவரை அப்படிப்பட்டவர்கள் அழைத்துவந்து பாடவைக்க மாட்டார்கள்.

பிற்பகுதியைக் கட்டுரை விருதுகளின் வரிசையாகச் சுருக்கிவிட்டது. ‘பிளாக் அண்ட் புளூ’ என்னும் பிராட்வே இசை நாடகத்துக்காக 1989இல் டோனி விருதும், அடுத்த ஆண்டு கிராமி விருதும், 1993இல் ராக் அண்ட் ரோல் கௌரவ மாடத்தில் இடமும் அவர் பெற்றது உண்மையே. ஆனால் அவற்றுக்கு முன் நடந்த ஒன்று அவற்றைவிடப் பெரியது. எண்பதுகளின் தொடக்கத்தில், அவருடைய பழைய ரசிகரும் வழக்கறிஞருமான ஹவல் பெகிள், தட்டில் கையெழுத்து வாங்க வந்த இடத்தில், இந்தத் தட்டுகளிலிருந்து அவருக்கு ராயல்டி எதுவும் வருவதில்லை என்று அறிந்து திகைத்தார். இருவருமாகப் பல ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். 1988இல் அட்லாண்டிக் இறங்கிவந்து, ரூத் பிரவுனுடையது மட்டுமின்றி அவர் காலத்துப் பிற கலைஞர்கள் பலரின் கடனையும் தள்ளுபடி செய்து, ராயல்டியைப் பின்தேதியிட்டுக் கணக்கிட ஒப்புக்கொண்டது. பதினைந்து லட்சம் டாலர் முதலுடன் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளையும் உருவாயிற்று. ஓய்வூதியமோ மருத்துவக் காப்பீடோ இல்லாத முதிய கலைஞர்களுக்கு அது பணமுடிப்பு வழங்கியது. தம் பங்குக்கான காசோலையை வாங்கிக்கொண்டு ரூத் ஒதுங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

அவர் 2006 நவம்பரில் தம் எழுபத்தெட்டாவது வயதில் மறைந்தார். முதல் தட்டு வெளிவந்த 1949இலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட இசைவாழ்வு அது. கட்டுரையின் கணக்கிலோ அதில் பதினைந்து ஆண்டுகள் குறைகின்றன. இக்கட்டுரை நூலாக வரவிருப்பதாக இதழின் குறிப்பில் கண்டேன். அச்சுக்குப் போகுமுன், 1968ஆம் ஆண்டுத் தட்டில் உள்ள ‘ட்ரபிள் இன் மைண்ட்’ பாடலைக் கட்டுரையாளர் ஒருமுறை கேட்டுவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தித் தருமாறு தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி