ஒரே ஒரு விந்தணு போதுமாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். சென்ற இதழில் குழந்தையின்மை பற்றி ஆறு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில் ஐந்தே முக்கால் பக்கம் பெண்ணுக்கு. கருமுட்டை, கருப்பை, தைராய்டு, நீர்க்கட்டி, உடல் எடை, தாமதமான திருமணம், இரவில் கைபேசி பார்ப்பது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மீதிக் கால் பக்கத்தில் கணவர் வருகிறார், மாப்பிள்ளைத் தோழனைப் போல. "கணவரின் பரிசோதனை பெரும்பாலும் சம்பிரதாயம்தான், இக்சி முறையில் ஒரே ஒரு விந்தணு கிடைத்தால் போதும், மீதியை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வரி. அன்று எங்கள் வீட்டில் மதியச் சமையல் ஆகவில்லை.

இக்சி முறையில் கருத்தரித்ததாக பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் 1992இல் அறிவித்ததெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு விந்தணுவை எடுத்து ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே நுழைய முடியாத அணுவை நுழைய வைப்பதுதான் அந்த ஊசியின் வேலை. நுழைந்த அணு சுமந்து வரும் மரபுப்பொருள் நைந்து துண்டுபட்டிருந்தால் ஊசி என்ன செய்யும்? முதல் இரண்டு மூன்று நாட்கள் கரு, முட்டையில் இருக்கும் கையிருப்பை வைத்தே காலம் தள்ளுகிறது. தகப்பனின் மரபணுக்கள் முழுமூச்சாக வேலையைத் தொடங்குவது அதன் பிறகுதான். அணுவில் இருக்கும் பழுதை ஓரளவு முட்டையே சரிசெய்துகொள்ளும் என்கிறார்கள். பெண்ணுக்கு வயது ஏற ஏற அந்தத் திறன் குறைகிறதாம். அதாவது கணவனின் குறையைப் பழுதுபார்க்கும் வேலையும் மனைவியின் முட்டைக்கே.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2005இல் கல்யாணமாகிக் கோவைக்கு வந்தேன். என் கணவர் பவுண்டரியில் உலை முன்னால் நிற்பவர். விரைகள் உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும் என்பது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. நாங்கள் ஏறி இறங்கிய மருத்துவமனைகளில் ஒருவர்கூட "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று அவரைக் கேட்டதில்லை. என்னை மட்டும் எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்பது வரை கேட்டார்கள்.

2011இல் அவருக்கு ஒரே ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு மில்லிக்கு 1 கோடியே 70 லட்சம் அணுக்கள். உலகச் சுகாதார நிறுவனம் அப்போது வைத்திருந்த அடிமட்ட எல்லை 1 கோடியே 50 லட்சம். உடனே "நார்மல்" என்று வட்டம் போட்டுவிட்டார்கள். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசைப்படுத்தி, அதில் கடைசி ஐந்து விழுக்காட்டுக்கு மேலே போடப்பட்ட கோடுதான் அந்த எல்லை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? முப்பத்தைந்து மதிப்பெண் வாங்கித் தேறிய பையனைப் பள்ளிக்கே முதல் என்று மாலை போட்டு அழைத்துவந்த கதை அது. அசையும் அணுக்கள் 36 விழுக்காடு என்று அதே தாளில் கீழே இருந்தது. அப்போதைய எல்லைப்படி 40 இருக்க வேண்டும். அந்த வரியின்மேல் யாருடைய பேனாவும் படவில்லை.

இன்னொன்று. சேர்த்து வைத்தால் பலம் என்று நினைத்து ஒரு மாதம் விரதம் போல இருந்துவிட்டுத்தான் அவர் மாதிரி கொடுத்தார். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி இருக்க வேண்டும், தேங்கிக் கிடந்தால் அணுக்கள் கெடும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

2012இல் முதல் முறை கருத்தரிப்புச் சிகிச்சை. ஒன்பது முட்டைகள், ஏழு கருவாயின. மூன்றாம் நாள் "அருமையாக இருக்கின்றன" என்றார்கள். தகப்பனின் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும் நேரம் அதுதான்; ஐந்தாம் நாள் ஒன்று மிஞ்சியது. அதுவும் தங்கவில்லை. 2014இல் அதுகூட மிஞ்சவில்லை. இரண்டு முறையும் என் கையில் கொடுத்த தாளில் இருந்தது ஒரே வாசகம்: முட்டையின் தரம் குறைவு. நகை போனது போகட்டும். அந்த வாசகத்தை மாமியார் வீட்டில் வாசித்துக் காட்டியவர்கள் எத்தனை பேர்! கொழுந்தன் மனைவியின் வளைகாப்பில் என்னைச் சமையலறையிலேயே நிறுத்திவைத்தார்கள். மண்சோறு சாப்பிட்டேன். திருக்கருகாவூரில் நெய் வாங்கிவந்தோம். 48 நாட்கள் கணவன், மனைவி இருவருமே சாப்பிட வேண்டும் என்று கொடுக்கிறார்கள், கவனியுங்கள். அம்பாள் சந்நிதியில் தெரிந்த விஷயம் ஆய்வகத்தில் தெரியவில்லை.

இந்த இடத்தில் தங்கள் இதழையும் சொல்லியாக வேண்டும். அணு எண்ணிக்கை குறைவதை "ஆண்மைக் குறைவு" என்றே பல ஆண்டுகளாக எழுதிவருகிறீர்கள். இரண்டும் வேறு என்பது தங்களுக்குத் தெரியாதா? அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் என் கணவர் நான்கு ஆண்டுகள் வேறு டாக்டரிடம் வர மறுத்தார். "மலடன்" என்ற சொல் அகராதியில் இருக்கிறது; தெருவில் யார் வாயிலும் நான் கேட்டதில்லை. இருக்கிற அவமானத்துக்குத் தூபம் போடுவது போல, பின் பக்கங்களில் இந்தத் தேதியில் இந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் முகாம் என்று விளம்பரம் வேறு. கட்டுரையில் அறிவியல், அட்டைக்குப் பக்கத்தில் லேகியம்.

அந்தக் கால் பக்கத்திலும் பூசணி விதை சாப்பிடுங்கள், துத்தநாகம் கிடைக்கும் என்று அறிவுரை. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்து அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் சோதித்த முடிவு 2020இல் வந்துவிட்டது. விந்தின் தரமும் கூடவில்லை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை. பூசணி விதை மேல் எனக்கு விரோதமில்லை, பாயசத்தில் போடலாம்.

2015இல்தான் ஒரு சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) என் கணவரை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெரிகோசீல், விரைப்பைக்குள் ரத்தக் குழாய் புடைத்திருக்கிறது என்றார். கருத்தரிப்பில் சிக்கல் என்று வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்படும் கோளாறு அது. பத்து ஆண்டுகளில் அந்த ஐந்து நிமிடம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. சிகரெட்டை விட்டார், உலையிலிருந்து டெஸ்பாட்ச் பகுதிக்கு மாற்றிக்கொண்டார். ஓர் அணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால் காத்திருந்தோம்.

2016இல் மூன்றாம் முறை. இந்த முறை ஆறு முட்டைகள்தான். அவற்றில் மூன்று ஐந்தாம் நாளைத் தாண்டின. எனக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. கரு ஒன்பது வாரம் இருந்தது. யாரால் போயிற்று என்று கேட்டேன். "தெரியவில்லை அம்மா" என்றார் டாக்டர். என்மேல் பழி போடாமல் ஒரு மருத்துவர் பேசியது அன்றுதான் முதல் தடவை. பெண்ணின் வயதுதான் பெரிய காரணம் என்று தங்கள் கட்டுரை சொல்வதை நான் மறுக்கவில்லை. என் வயதில் எத்தனை ஆண்டுகளை அவருடைய பரிசோதனை "சம்பிரதாயமாக" முடிந்ததால் இழந்தேன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. கட்டுரையோடு "சிகிச்சைக்கு முன் மனைவி கேட்டுக்கொள்ள வேண்டிய பத்துக் கேள்விகள்" என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அடுத்த இதழில் அதைத் திருத்தி, மூன்று கேள்விகளையாவது கணவருக்கு ஒதுக்குங்கள். என்ன வேலை பார்க்கிறார்? பரிசோதனையை இரண்டாம் முறை செய்தாரா? அவரை மருத்துவர் யாராவது தொட்டுப் பார்த்தாரா?

கடிதத்தை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். பவுண்டரியின் பெயரைப் போட்டுவிடாதே என்று மட்டும் சொன்னார். என் பெயரையும் வெளியிட வேண்டாம். இடம் போதாவிட்டால் பூசணி விதைப் பத்தியை எடுத்துவிடுங்கள். அந்த மூன்று கேள்விகளில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.